வளாகத்தில் புதுக் கட்டடம்: மழைநீரை எதைக் கொண்டு சுத்தம் செய்வது?

புதுக் கட்டடத்தின் வரைபடங்கள் வந்துவிட்டன. மழைநீருக்கென்று மூன்று நான்கு மாற்று வழிகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "80 சதவீதத் துகள் நீக்கம்" என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறது, கட்டடக் குழுவில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எதற்குச் சரி சொல்வது என்று புரியாமல் முழிக்கிறீர்கள். எல்லாமே விதிப்படிதான் இருக்கிறது என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போய்விடலாமே என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஆனால் அந்த 80 சதவீதம், எல்லாம் புதிதாக, அடைப்பில்லாமல், ஒழுங்காகத் தூர்வாரப்பட்டு இருக்கும் நிலைக்கான எண். கட்டடம் திறந்து ஐந்து வருடம் ஆன பிறகு, வடிவமைத்தவரும் கட்டியவரும் வேறு வேலைக்குப் போன பிறகு வருகிற ஒரு கனமழையில் அந்த அமைப்பு என்ன செய்யும் என்பதுதான் எனக்கு முக்கியம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஐந்தாவது வருட மழையை மனதில் வைத்துத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மழைநீரை வெளியேற்றுவது ஒரு வேலை, வெள்ளம் வராமல் தேக்கி மெதுவாக விடுவது இன்னொரு வேலை, சுத்தம் செய்வது மூன்றாவது வேலை. தரைக்கடியில் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டியைக் கட்டி, சின்ன ஓட்டை வழியாக நீரை மெதுவாக விட்டால் இரண்டாவது வேலை நடந்துவிடும்; கனமான மண் கொஞ்சம் அடியில் தங்குமே தவிர, அதைச் சுத்திகரிப்பு என்று கணக்கில் எழுத முடியாது. அறிக்கையில் இந்த இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

என்ன அழுக்கு. கூரையிலிருந்து வரும் தண்ணீரில் பறவை எச்சம், தூசி, தகரக் கூரையானால் துத்தநாகம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எண்ணெய், டயர் தூள், பிரேக் தேய்ந்து உதிரும் செம்பு. புல்வெளியிலிருந்து உரத்தின் பாஸ்பரஸும் நைட்ரஜனும். இவற்றில் பாதி துகளாக வரும், பாதி தண்ணீரில் கரைந்தே வரும், துகள்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. 100 மைக்ரான் மணல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். 10 மைக்ரான் வண்டலுக்கு அதே ஆழத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டும். 1 மைக்ரான் களிமண்ணுக்குக் கிட்டத்தட்ட 13 நாள், அதுவும் தண்ணீர் துளியும் அசையாமல் நின்றால். உலோகங்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வருவது இந்த நுண்ணிய துகள்களில்தான். அதனால் "80 சதவீதம்" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது, எந்த அளவுத் துகளில் 80?

இது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்க மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. டயர் ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனுடன் சேர்ந்து மாறும்போது உண்டாகும் ஒரு வேதிப்பொருள்தான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, அந்தச் சாலைத் தண்ணீரை மண்கலவை வழியாக வடித்துவிட்டுப் பார்த்தபோது மீன்கள் பிழைத்தன. காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே மண் வேலையைச் செய்திருக்கிறது! வண்டி நிறுத்துமிடத் தண்ணீர் ஓடைக்கோ ஏரிக்கோ போகிறது என்றால் இதை மறக்கவே கூடாது.

உப்பைப் பற்றியும் ஒரு வரி. பனி உருக உப்பு தூவும் இடமானால் குளோரைடு முழுவதும் கரைந்தே வரும். கீழே சொல்லப்போகும் எந்த முறையும் அதைப் பிடிக்காது. தூவுவதைக் குறைப்பதுதான் வழி.

எவ்வளவு தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். கூரையும் நடைபாதையும் சேர்ந்து 3,000 சதுர மீட்டர், 25 மில்லிமீட்டர் மழையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 75,000 லிட்டர், அதாவது 75 கன மீட்டர். எத்தனை மில்லிமீட்டர் என்பதை அந்தந்த இடத்து விதி சொல்லும். அதற்கு மேல் வரும் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெருமழை சுத்திகரிப்பு அமைப்புக்குள் புகுந்து, ஏற்கனவே பிடித்துவைத்த வண்டலைக் கிளப்பிக்கொண்டு போகக் கூடாது. ஓரமாக விலகிப் போக அதற்குத் தனிப்பாதை வேண்டும்.

மண், நிலத்தடி நீர், மட்டம். தண்ணீர் கீழே இறங்குமா, இறங்கினால் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, கட்டடத்தின் அடித்தளமும் சுரங்கப் பாதைகளும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்பவை ஒரு பக்கம். வெளியே போகும் குழாயின் மட்டத்துக்கும் தண்ணீர் உள்ளே வரும் மட்டத்துக்கும் போதிய உயர வித்தியாசம் இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம். மட்டம் பற்றாமல் போய்க் கடைசி நேரத்தில் பம்ப் வைத்த வடிவமைப்புகள் உண்டு. பம்ப் என்றால் மின்சாரம், பழுது, அப்புறம் பெருமழை நாளில் மின்வெட்டு.

யார் பார்த்துக்கொள்வார்கள். கட்டுமானப் பணம் ஒரு கணக்கிலிருந்து வருகிறது, பராமரிப்புப் பணம் வேறு கணக்கிலிருந்து வருகிறது, பெரும்பாலான வளாகங்களில் இந்த இரண்டு கணக்கையும் பார்க்கிறவர்கள் ஒரே அறையில் உட்காருவதே இல்லை. அதனால் கட்டுமானச் செலவில் மிச்சம் பிடித்ததாகக் காட்டும் வடிவமைப்பு, அந்த மிச்சத்தைப் பத்து வருடத்துக்கு இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறது. கூட்டத்துக்குப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவரைக் கட்டாயம் அழையுங்கள். தோட்டக்காரர் வந்தால் இன்னும் நல்லது.

## மழைத்தோட்டம்

சற்றே பள்ளமான செடிப்படுகை, அடியில் 45 முதல் 90 சென்டிமீட்டர் வரை வடிகட்டும் மண்கலவை, அதற்கும் கீழே ஜல்லி, தேவைப்பட்டால் துளையிட்ட குழாய். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் இதை முறையாக வடிவமைக்கத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. என்னிடம் கேட்டால், இடமும் மட்டமும் ஒத்துவந்தால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். துகள், உலோகம், எண்ணெய், டயர் வேதிப்பொருள் எல்லாவற்றையும் ஓரளவாவது பிடிக்கிற முறை இது. அதைவிட முக்கியம், பழுதானால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் இரண்டு நாளாக நின்றால் நடந்து போகிற எல்லோரும் பார்ப்பார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? தண்ணீர் வரும் தளப் பரப்பில் 5 சதவீதத்திலிருந்து தொடங்கிக் கணக்குப் போடலாம். மேலே சொன்ன 3,000 சதுர மீட்டருக்கு 150 சதுர மீட்டர். அதில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 45 கன மீட்டர். 60 சென்டிமீட்டர் மண்ணின் இடுக்குகளில், கால் பங்கு காலி என்று வைத்தால், இன்னும் 22. மீதியுள்ள எட்டு கன மீட்டர் மழை பெய்துகொண்டிருக்கும்போதே கீழே இறங்கிவிடும். இப்படி ஒரு பக்கத்தில் முடிகிற கணக்கு அறிக்கையில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இனி எங்கே தவறும் என்று பார்ப்போம், ஏனென்றால் இந்த முறை தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். முதலாவது, தண்ணீர் உள்ளே வரும் வாய். நான் போய்ப் பார்த்த ஒரு மழைத்தோட்டத்தில் வாயருகே மண்ணும் சருகும் சேர்ந்து சாலை மட்டத்தைவிட இரண்டு விரல் உயர்ந்திருந்தது. செடிகள் செழிப்பாக இருந்தன, படுகை அழகாக இருந்தது, ஆனால் சாலைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமல் பக்கத்திலேயே ஓடி வழக்கமான வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. வருடக்கணக்காக! வாயில் ஐந்து சென்டிமீட்டராவது இறக்கம் கொடுத்து, விழும் இடத்தில் கல் பதித்து, அங்கே சேரும் மண்ணை மண்வெட்டியால் அள்ளுவதுபோல் அமைத்தால் இது நடக்காது.

இரண்டாவது, மண்கலவை. பெரும்பகுதி மணல், களிமண் மிகக் குறைவு, மட்கு உரம் அளவோடு. செடி நன்றாக வளரட்டும் என்று மட்கு உரத்தைக் கொட்டினால் அதிலிருந்தே பாஸ்பரஸ் கரைந்து வெளியே போகும். உள்ளே வந்த தண்ணீரைவிட வெளியே போகும் தண்ணீர் மோசமாகிவிடும். ஏரிக்குப் போகும் தண்ணீர் என்றால் கலவையின் பாஸ்பரஸ் அளவைச் சோதித்த சீட்டைக் கேளுங்கள். நைட்ரஜன்தான் பிரச்சினை என்றால் வேறு வழி: அடிக்குழாயின் வெளிமுனையை மேல்நோக்கி வளைத்து, ஜல்லிப் படுகையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும். வளைந்த ஒரு குழாய்த் துண்டுதான் கூடுதல் செலவு.

மூன்றாவது, கட்டுமான ஒழுங்கு. கனரக வண்டிகள் ஓடிய இடத்தில் பள்ளம் தோண்டினால் அடிமண் கல்லாக இறுகியிருக்கும். வேலை முடிவதற்கு முன்பே மண்கலவையைக் கொட்டிவிட்டால், கட்டுமானத்தளத்துச் சேறு முழுவதும் அதில்தான் வந்து சேரும். திறப்பு விழாவுக்கு முன்பே அடைத்துவிடும். வளாகத்தின் மற்ற மண் எல்லாம் புல்லோ தளமோ போட்டு மூடிய பிறகுதான் இதைத் தோண்டவே வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

மாணவர்களின் குறுக்குப் பாதையையும் மறக்காதீர்கள். வகுப்புக்கு நேரமானால் நேர்கோட்டில்தான் நடப்பார்கள், அது அவர்கள் தவறில்லை. அந்தக் கோடு படுகையைக் கடந்தால் ஒரு பருவத்திலேயே மண் மிதிபட்டு இறுகிவிடும். சின்னப் பாலம் ஒன்றை வரைபடத்திலேயே போட்டுவிடுவது, பிறகு வேலி கட்டுவதைவிட மலிவு, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் முதல் இரண்டு வருடத் தண்ணீரும் களையெடுப்பும். எது செடி, எது களை என்று தெரிந்தவர் வேண்டும். எல்லாவற்றையும் புல்வெட்டும் இயந்திரத்தால் ஒரே மட்டமாக வெட்டித் தள்ளினால் தோட்டத்தின் கதை முடிந்தது. பிடித்த உலோகங்கள் மேல்மண்ணில்தான் சேர்கின்றன, அடைப்பும் பெரும்பாலும் மேலேயேதான். எனவே வடிதல் குறையும்போது மேலே சில சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்துப் புதுக்கலவை போட்டால் திரும்ப உயிர் வரும்.

## நீர் உறிஞ்சும் தளம்

இடம் இல்லை, ஆனால் நடைபாதையோ வண்டி நிறுத்துமிடமோ எப்படியும் போடத்தான் போகிறோம் என்றால் இது நல்ல வழி. துளையுள்ள கான்கிரீட், துளையுள்ள தார்த்தளம், இடைவெளி விட்டுப் பதிக்கும் பேவர் கற்கள் என்று மூன்று வகை. வளாகத்துக்குப் பேவர் கற்களையே நான் விரும்புவேன், ஏனென்றால் அடைத்தால் இடுக்கிலிருக்கும் பொடிக்கல்லை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம், கேபிள் பதிக்கத் தோண்டினாலும் அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம்.

அடியில் போடும் ஜல்லியில் ஏறக்குறைய 40 சதவீதம் காலி இடம். 30 சென்டிமீட்டர் ஜல்லி என்றால் 120 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும். வெள்ளத்தைத் தேக்கும் வேலையும் இதிலேயே முடிந்துவிடுகிறது என்பது பெரிய ஆதாயம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தளம் சரிவாக இருந்து அடித்தரையும் அதே சரிவில் இருந்தால் தண்ணீர் தாழ்ந்த முனையில் போய்ச் சேர்ந்துகொண்டு மேல்பாதி சும்மா கிடக்கும். படிப்படியாகத் தடுப்பு வைத்திருக்கிறார்களா என்று வெட்டுத்தோற்றத்தில் பாருங்கள்.

இதன் எதிரி மண். பக்கத்துச் செடிப்படுகையிலிருந்து மண் வழிந்து இதன்மேல் வரக் கூடாது. உறிஞ்சும் துப்புரவு வண்டி வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது ஓட வேண்டும். சாதாரணத் துடைப்ப வண்டி ஓடினால் தூசியை இடுக்குக்குள் இன்னும் அழுத்திவிடும். அந்த வண்டி வளாகத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் வாடகைக்குக் கிடைக்குமா என்று இப்போதே கேட்க வேண்டும். சரக்கு வண்டிகள் திரும்பும் இடத்திலும், ரசாயனம் இறக்கும் இடத்திலும் இதைப் போடவே வேண்டாம். துகளையும் உலோகத்தையும் நன்றாகப் பிடிக்கும், நைட்ரேட் அப்படியே கீழே போகும்.

## தரைக்கடியில் ஊடுருவல் தொட்டிகள்

புல்வெளிக்கோ வண்டி நிறுத்துமிடத்துக்கோ கீழே ஜல்லியும் துளையுள்ள அறைகளும் வைத்து, தண்ணீரை அப்படியே மண்ணுக்குள் விடுவது. மேலே இடம் மிச்சம், நிலத்தடி நீர் ஊறுகிறது, வெளியே போகும் தண்ணீரும் குறைகிறது. மணற்பாங்கான நிலமாக இருந்து, கூரைத் தண்ணீர் மட்டும்தான் வருகிறது என்றால் இதைவிட நேரான வழி கிடையாது.

ஆனால் எல்லாமே மண்பரிசோதனையில் நிற்கிறது. தரைமட்டத்தில் எடுத்த பரிசோதனை உதவாது. தொட்டியின் அடிமட்டம் எந்த ஆழமோ அந்த ஆழத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் செய்திருக்க வேண்டும். கிடைத்த ஊடுருவல் வேகத்தைக் குறைந்தது இரண்டால் வகுத்துத்தான் வடிவமைப்பில் போட வேண்டும், காலப்போக்கில் அது குறையத்தான் செய்யும். நிலத்தடி நீர் உச்சத்தில் இருக்கும் பருவத்திலும் தொட்டியின் அடிமட்டத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மீட்டராவது இருந்தால் நிம்மதி. பழைய எண்ணெய்க் கசிவோ குப்பைமேடோ இருந்த நிலமானால் விட்டுவிடுங்கள். ஊடுருவும் தண்ணீர் அந்த விஷத்தையும் சேர்த்து நகர்த்திவிடும்.

மறைந்திருக்கும் ஆபத்து, அடைத்தால் தெரியாது, தெரிந்தாலும் பெரும்பாலும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். முன்னால் வண்டல் தொட்டி, நீர்மட்டம் பார்க்க மேலே வரை ஒரு கண்காணிப்புக் குழாய், இந்த இரண்டும் இல்லாத வரைபடத்துக்குச் சரி சொல்லாதீர்கள்.

## நிலத்தடி வடிகட்டிப் பெட்டிகள்

நெருக்கடியான இடம், மண் இறங்காது, மேலே ஒரு சதுர அடிகூடக் கொடுக்க முடியாது என்னும்போது வடிவமைப்பாளர் கை நீளும் இடம் இது. இரண்டு வகையையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. சுழல் பிரிப்பான் என்பது தண்ணீரைச் சுழலவிட்டு மணல், குப்பை, மிதக்கும் எண்ணெய் ஆகியவற்றைப் பிரிப்பது. நுண்துகளும் கரைந்த மாசும் அதன் வழியே போய்விடும். மேலே சொன்ன இறங்கும் நேரக் கணக்கை நினைத்துப் பாருங்கள், பெட்டிக்குள் தண்ணீர் இருப்பதே சில நிமிடம்தான். கார்ட்ரிட்ஜ் வடிகட்டி என்பது பெர்லைட், சியோலைட், கார்பன் போன்ற நுண்துளைப் பொருள்கள் நிரப்பிய உருளைகள் வழியாகத் தண்ணீரை வடிப்பது. நுண்துகளையும் பிடிக்கும், நிரப்பிய பொருளைப் பொறுத்துக் கரைந்த உலோகத்தையும் கொஞ்சம் பிடிக்கும்.

விற்பவர் தரும் சோதனை எண்ணைப் படிக்கும்போது, ஆய்வகத்தில் அரைத்த சிலிக்கா மணலைக் கலந்து சோதித்ததா, உண்மையான மழையில் சோதித்ததா, எந்தத் துகள் அளவு, எந்த நீர்வேகம் என்று நான்கையும் கேளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அளவுப் பெட்டிக்கு அந்த எண் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி.

செலவு முழுக்கப் பின்னால்தான் இருக்கிறது. உறிஞ்சு லாரி வந்து அடியிலுள்ள சேற்றை எடுக்க வேண்டும், கார்ட்ரிட்ஜை ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் மாற்ற வேண்டும், பெரும்பாலும் அதே கம்பெனியின் கார்ட்ரிட்ஜ்தான் பொருந்தும். உள்ளே ஆள் இறங்க வேண்டியிருந்தால் வாயுச் சோதனை, பயிற்சி பெற்ற ஆட்கள், மேலே காவலுக்கு ஒருவர், இது எதிலும் சுருக்கவே கூடாது, உயிர் போகிற விஷயம். தூர்வாராமல் விட்டால் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்து, பிடித்துவைத்த பாஸ்பரஸும் உலோகமும் திரும்பக் கரைந்து அடுத்த மழையில் வெளியே போகும். பெட்டி புதைந்து கிடப்பதால் யாருக்கும் தெரியாது. பராமரிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதற்கான பணமும் ஒதுக்கப்பட்டிருந்தால் நெருக்கடியான இடங்களில் இது நன்றாகவே வேலை செய்யும். ஒப்பந்தம் இல்லையென்றால் எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை.

## குளமும் சதுப்பும்

ஒரே ஒரு கட்டடத்துக்கு இது பெரும்பாலும் அதிகம். ஆனால் வளாகத்தில் அடுத்த பத்து வருடத்தில் இன்னும் நான்கைந்து கட்டடம் வரப்போகிறது, தாழ்வான இடத்தில் நிலமும் இருக்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குளம் மிகவும் லாபம். நிரந்தரமாக ஒன்று இரண்டு மீட்டர் தண்ணீர் நிற்பதால் நுண்துகள் இறங்க நாள்கணக்கில் நேரம் கிடைக்கிறது. நுழைவாயிலில் சின்ன வண்டல் குளம் தனியாக இருந்தால் தூர்வாருவது எளிது. கரையோரம் ஆழமில்லாத அகன்ற படி இருக்க வேண்டும், தவறி விழுபவர் ஏறி வர அதுதான் வழி. வெயிலில் தண்ணீர் சூடாகி ஓடைக்குப் போவது, பாசி, பறவை எச்சத்தால் கிருமி, பல வருடம் கழித்துத் தூர்வாரும்போது அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது, இவையெல்லாம் பின்னால் வரும் செலவுகள்.

## பசுமைக் கூரை, சேமிப்புத் தொட்டி

இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் சுத்தம் செய்வதைவிடத் தண்ணீரைக் குறைப்பதில்தான் கெட்டி. மண்ணும் செடியும் போட்ட மெல்லிய பசுமைக் கூரை நனைந்த நிலையில் சதுர மீட்டருக்கு 80 முதல் 150 கிலோ வரை எடை வரும், ஆகவே தூண்களையும் தளத்தையும் கணக்கிடும் கட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும். சின்ன மழைகளைப் பெரும்பாலும் தானே குடித்துவிடும். ஆனால் அதன் மண்ணில் உரம் இருந்தால் பாஸ்பரஸ் கசியும், கீழேயுள்ள வண்டி நிறுத்துமிடத் தண்ணீருக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை.

தொட்டியில் சேர்த்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் பயன்படுத்துவது அருமையான யோசனைதான், ஆனால் வளாகத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. விடுமுறையில் யாரும் இல்லை, தண்ணீர் செலவாகாது, தொட்டி நிறைந்தே நிற்கும், அந்த நேரத்தில் மழை வந்தால் ஒரு லிட்டர்கூட உள்ளே போகாது. கல்வி ஆண்டின் விடுமுறையும் மழைக்காலமும் ஒன்றாக வருகிறதா என்று மாதவாரியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். விடுதிக் கட்டடமென்றால் ஓரளவு சரிவரும், வகுப்பறைக் கட்டடத்துக்கு யோசிக்க வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நுண்துகள், கரைந்த மாசு | மேலே பிடிக்கும் இடம் | பழுது கண்ணில் படுமா | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| மழைத்தோட்டம் | நன்றாகப் பிடிக்கும்; கலவை தவறினால் பாஸ்பரஸ் கசியும் | தளப் பரப்பில் சுமார் 5 சதவீதம் | உடனே | தோட்டக்காரர் இருக்கிறார், மட்டம் ஒத்துவருகிறது |
| நீர் உறிஞ்சும் தளம் | துகள் நன்று, நைட்ரேட் போகும் | தனியாக இல்லை | மழையில் தெரியும் | நடைபாதை, லேசான வண்டிகள் |
| ஊடுருவல் தொட்டி | மண்ணைப் பொறுத்தது | இல்லை | குழாய் வைத்தால் மட்டும் | மணல் நிலம், கூரைத் தண்ணீர் |
| சுழல் பிரிப்பான் | பிடிக்காது | இல்லை | படாது | மற்றொன்றுக்கு முன்னால் |
| கார்ட்ரிட்ஜ் | ஓரளவு | இல்லை | படாது | நெருக்கடியான இடம், பராமரிப்பு ஒப்பந்தம் உறுதி |
| குளம் | நுண்துகள் நன்று | அதிகம் | ஓரளவு | பல கட்டடங்களுக்குச் சேர்த்து |
| பசுமைக் கூரை, தொட்டி | முக்கிய வேலை இல்லை | இல்லை | ஓரளவு | தண்ணீரின் அளவைக் குறைக்க |

## கலந்து போடும்போது

ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கூரைத் தண்ணீரையும் சாலைத் தண்ணீரையும் வரைபடத்திலேயே பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். ஓரளவு சுத்தமான கூரைத் தண்ணீரை வண்டி நிறுத்துமிடத்து எண்ணெயோடு கலந்துவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்துப் பெரிய அமைப்பில் சுத்தம் செய்வதில் அர்த்தமே இல்லை. கூரைத் தண்ணீர் ஊடுருவல் தொட்டிக்கு, வண்டி நிறுத்துமிடத் தண்ணீர் மழைத்தோட்டத்துக்கு, சரக்கு இறக்கும் இடத்துக்கு மட்டும் அடைப்பு வால்வு வைத்த சின்னப் பெட்டி என்று பிரித்த வடிவமைப்பைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்த வால்வு ஏனென்றால், ஏதாவது ரசாயனம் கொட்டினால் ஓடிப்போய் மூட ஓர் இடம் வேண்டும்.

ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அமைப்பை வைத்து, ஒவ்வொன்றும் மிச்சம் விடும் சதவீதத்தை அடுத்தடுத்துப் பெருக்கி, அதை நூறிலிருந்து கழித்து "97 சதவீதம்" என்று காட்டினால் நம்பாதீர்கள். முதல் அமைப்பு பெரிய துகளை எடுத்துவிடும். அடுத்ததற்கு வருவதே பிடிக்கக் கடினமான மிச்சம்தான், அதில் அதே சதவீதம் கிடைக்காது.

## சரி சொல்வதற்கு முன்

வரைபடத்தில் நான் முதலில் தேடுவது மட்ட எண்களை: தண்ணீர் நுழையும் வாய், நிரம்பினால் வழியும் வாய், படுகையின் மண்மட்டம், வெளிக்குழாய். நான்கும் மேலிருந்து கீழாக வரிசையாக இறங்குகின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள், இதற்கு எந்தப் பொறியியல் படிப்பும் வேண்டாம். அடுத்தது, உறிஞ்சு லாரி அல்லது துப்புரவு வண்டி அந்த இடம்வரை வர வழி இருக்கிறதா, மூடியின்மேல் யாராவது பெஞ்ச் வரைந்திருக்கிறார்களா. அதற்கப்புறம் பராமரிப்புத் தாள்: எந்த மாதம், என்ன வேலை, எத்தனை ஆள், எந்தக் கணக்கிலிருந்து பணம். "தேவைக்கேற்பப் பராமரிக்கவும்" என்று ஒரே வரியில் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இறுதிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்து, வண்டி நிறுத்துமிடத்தின் மேல்முனையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது எங்கே ஓடுகிறது, எந்த வாய் வழியாக உள்ளே போகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று எல்லோரும் நின்று பார்க்க வேண்டும். வடிவமைத்தவர், கட்டியவர், அதைப் பார்த்துக்கொள்ளப்போகும் தோட்டக்காரர், மூவரும் அங்கே இருக்க வேண்டும். வாய் இரண்டு விரல் உயரமாக இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், கொத்தனாரும் அங்கேயே இருப்பார்.